வெறும் குழாயைச் சோதித்தீர்களா?



பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த உப்பு காரீய நைட்ரேட். அது காரீய நைட்ரேட் என்பது தேர்வு முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது! உப்புக் கரைசலில் பொட்டாசியம் குரோமேட் விட்டேன். பளிச்சென்று மஞ்சள் வீழ்படிவு வந்தது. காரீயம் இருக்கிறது என்று எழுதினேன். அது சரி. பிறகு உப்பின் சாற்றில் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, சில்வர் நைட்ரேட் சில சொட்டுகள் விட்டேன். வெண்மையாகக் கலங்கியது. குளோரைடு என்று துணிந்து எழுதிவிட்டேன். அது தவறு.

விடைத்தாளைப் பார்த்த தேர்வாளர் கோபிக்கவில்லை. "சோதனைக் குழாயை எந்தத் தண்ணீரில் கழுவினாய்?" என்று மட்டும் கேட்டார். "பைப் தண்ணீரில் சார்" என்றேன். வேறொரு குழாயில் அந்தத் தண்ணீரை மட்டும் பிடித்து, அமிலத்தையும் சில்வர் நைட்ரேட்டையும் விடச் சொன்னார். அதே வெண்மை வந்தது. முன்னதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வந்தது. எங்கள் ஊர்த் தண்ணீர் உவர்ப்பானது. "நீ உப்பைச் சோதிக்கவில்லை தம்பி, ஊர்த் தண்ணீரைச் சோதித்திருக்கிறாய்" என்றார்.

அன்று போன மதிப்பெண்ணை நான் மறந்துவிட்டேன். பின்னர் இயற்பியல் படித்து, இப்போது கல்லூரியில் அதையே கற்பிக்கிறேன். ஆயினும் அந்த வெறும் குழாயை மறக்க முடியவில்லை. சோதிக்க வேண்டிய பொருளை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்து பார்ப்பதற்கு 'வெற்றுச் சோதனை' என்று பெயர். பொருளே இல்லாதபோதும் விடை வருகிறதா என்று பார்ப்பதே இதன் நோக்கம்.

ஒரு பொருளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று ஆராயும் துறை பகுப்பாய்வு வேதியியல். சென்ற நூறு ஆண்டுகளில் இத்துறைக்கு வியக்கத்தக்க கருவிகள் கிடைத்துள்ளன. அவற்றைப் பற்றிப் படிக்கும்போது கருவியின் நுட்பத்தையே நாம் எண்ணி வியக்கிறோம். ஆனால் கருவி தரும் எண்ணை நம்பத் தகுந்த அறிவாக ஆக்குவது வெற்றுச் சோதனைதான் என்பது என் கருத்து. அதை நாம் பள்ளியிலேயே பழக்க வேண்டும். காரணத்தைக் காரீயத்தின் கதையைக் கொண்டே சொல்கிறேன்.

பூமியின் வயதும் ஒரு தூசியும்

முதலில் ஒரு சிறு விளக்கம். வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நாம் இங்கே பேசுவது காரீயம். இது நச்சு உலோகம். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்க வல்லது.

1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கிளேர் பேட்டர்சன் என்ற ஆராய்ச்சி மாணவர் இருந்தார். வயது 26. அவருடைய பேராசிரியர் ஹாரிசன் பிரவுன் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். சிர்க்கான் என்னும் கனிமத்தின் மிகச் சிறிய மணிகளில் எவ்வளவு காரீயம் உள்ளது என்று அளக்க வேண்டும். யுரேனியம் கதிர்வீச்சை வெளியிட்டு, படிப்படியாகச் சிதைந்து, கடைசியில் காரீயமாகிறது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே, ஒரு கனிமத்தில் எஞ்சியுள்ள யுரேனியத்தையும், அதிலிருந்து உண்டான காரீயத்தையும் அளந்தால் அதன் வயதைக் கணக்கிடலாம்.

யுரேனியத்தை அளந்தவர் ஜார்ஜ் டில்டன் என்ற மற்றொரு மாணவர். அவருக்கு விடை ஒழுங்காக வந்தது. பேட்டர்சனுக்கோ இருக்க வேண்டியதைவிட மிக அதிகமான காரீயம் வந்தது. அந்தப் பாறையின் வயது ஏற்கெனவே தெரிந்திருந்ததால், விடை தவறு என்பதும் தெரிந்தது. கருவியில் குறையில்லை. கணக்கிலும் குறையில்லை. அப்படியானால் அந்தக் காரீயம் எங்கிருந்து வந்தது?

பேட்டர்சன் ஒவ்வொன்றாகத் தேடினார். கண்ணாடிப் பாத்திரத்தில் காரீயம் இருந்தது. அமிலத்தில் இருந்தது. குழாய்த் தண்ணீரிலும் சுவர் வண்ணத்திலும் காற்றில் மிதந்த தூசியிலும் இருந்தது. அவருடைய உடையிலும் தலைமுடியிலும்கூட இருந்தது. சிர்க்கான் மணியில் உள்ள காரீயம் மிகமிகச் சிறிது. அறையின் தூசி கொஞ்சம் விழுந்தாலே கனிமத்தின் காரீயத்தை அது மூழ்கடித்துவிடும்.

இந்தக் கறையைக் களைய அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. பின்னர் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் தமக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அங்கே வடிகட்டிய காற்றை அழுத்தத்துடன் உள்ளே செலுத்தினார்கள். கதவைத் திறந்தால் காற்று வெளியேதான் போகும். தூசி உள்ளே வராது. பாத்திரங்களை மீண்டும் மீண்டும் அமிலத்தில் கழுவினார்கள். வேதிப்பொருள்களைத் தாங்களே தூய்மை செய்துகொண்டார்கள்.

அரிசோனாவில் விழுந்த கேன்யன் டயாப்லோ என்னும் விண்கல்லின் காரீயத்தை, 1953-இல் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தின் கருவியில் அவர் அளந்தார். 1956-இல் வெளியிட்ட கட்டுரையில் பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள், கூடவோ குறையவோ 7 கோடி என்று அறிவித்தார். இன்றும் அந்த எண் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள பூமியின் வயது ஒரு தூய்மையான மேசையில் பிறந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

புளியங்கொட்டைக் கணக்கு

அவர் பயன்படுத்திய கருவிக்கு 'நிறை நிறமாலைமானி' என்று பெயர். 1919-இல் கேம்பிரிட்ஜில் ஆஸ்டன் என்பவர் அமைத்த கருவியின் வழிவந்தது. இதன் அடிப்படை உங்களுக்குத் தெரிந்த இயற்பியல்தான். அணுக்களுக்கு மின்னூட்டம் ஏற்றி, மின்னழுத்தத்தால் விரைவாக ஓடச் செய்து, காந்தப் புலத்தின் வழியே விடுகிறோம். எடை குறைந்த அணு அதிகமாக வளையும். எடை மிகுந்தது குறைவாக வளையும். இயற்கைக் காரீயத்தில் 204, 206, 207, 208 என்று நான்கு வகை ஐசோடோப்புகள் உண்டு. அவை தனித்தனியே பிரிந்து விழுகின்றன. எந்த வகை எத்தனை பங்கு என்பது தெரிந்துவிடுகிறது.

பங்கு தெரிந்தால் போதுமா? மொத்தம் எவ்வளவு என்று எப்படி அறிவது? அதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது.

ஒரு மூட்டை நிறையப் புளியங்கொட்டை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் எண்ணாமல், எத்தனை என்று சொல்ல வேண்டும். என்ன செய்வீர்கள்? வேறு 100 கொட்டைகளை எடுத்துச் சுண்ணாம்பு பூசி, மூட்டையில் போட்டு, நன்றாகக் கலக்குங்கள். பிறகு ஒரு கை அள்ளிப் பாருங்கள். அதில் வெள்ளை 5, கறுப்பு 95 என்று இருந்தால், ஒரு வெள்ளைக்கு 19 கறுப்பு. நீங்கள் போட்ட வெள்ளை 100. ஆகவே கறுப்பு ஏறத்தாழ 1,900!

ஆய்வுக்கூடத்திலும் இதே கணக்குத்தான். காரீயத்தின் ஏதேனும் ஓர் ஐசோடோப்பைச் செறிவூட்டி, தெரிந்த அளவில் பொருளுடன் கலந்து, விகிதத்தை அளக்கிறார்கள். இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. நன்றாகக் கலந்த பிறகு பாதி மூட்டை வழியில் சிந்திப் போனாலும் விகிதம் மாறுவதில்லை. இழப்பைப் பற்றிக் கவலையே இல்லை.

ஆனால் யாரோ ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் இரண்டு கை புளியங்கொட்டையை மூட்டையில் கொட்டிவிட்டால்? அவற்றையும் சேர்த்துத்தானே எண்ணுவீர்கள்! நாம் இழப்பதை இந்த முறை ஈடுகட்டும். வெளியிலிருந்து வந்து சேர்வதை ஈடுகட்டாது. கருவி தன் முன் வந்த அணுக்களை அளக்கும். அவை பாறையிலிருந்து வந்தனவா, உங்கள் தலைமுடியிலிருந்து வந்தனவா என்று அது கேட்காது. கேட்க வேண்டியவர் நீங்கள். பாறையே இல்லாமல் எல்லாப் படிகளையும் செய்து, வருகிற காரீயத்தை அளந்து கழிக்க வேண்டும். பொருளில் வந்த அளவே வெறும் குழாயிலும் வந்தால், முழு விடையையும் குப்பையில் போட வேண்டும். அதற்கு மனத் துணிவு வேண்டும்.

உலகமே கழுவாத குழாய்

கதை இத்துடன் முடியவில்லை. தம் ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு காரீயம் எப்படி வந்தது என்ற கேள்வி பேட்டர்சனை விடவில்லை. 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், மோட்டார் எஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காகப் பெட்ரோலில் காரீயச் சேர்மம் ஒன்றைக் கலக்கலாம் என்று கண்டிருந்தார். 1923 முதல் அது விற்பனைக்கு வந்தது. ஒவ்வொரு வண்டியின் புகையிலும் காரீயம் வெளியேறி உலகெங்கும் பரவியது.

1963-இல் டாட்சுமோட்டோ என்பவருடன் சேர்ந்து பேட்டர்சன் கடல்நீரை ஆராய்ந்தார். ஆழ்கடலைவிட மேற்பரப்பில் காரீயம் மிகுதியாக இருந்தது. அப்படியானால் அது அண்மைக் காலத்தில் மேலிருந்து விழுந்ததாகத்தானே இருக்க வேண்டும்? அடுத்துக் கிரீன்லாந்தின் பனிப் படிவங்களை ஆராய்ந்தார். ஆண்டுதோறும் பெய்யும் பனி அடுக்கடுக்காக உறைந்து கிடக்கும் இடம் அது. கி.மு. 800 வாக்கில் படிந்த பனியைவிட, 1960-களில் படிந்த பனியில் 200 மடங்குக்கும் மேல் காரீயம் இருந்ததை 1969-இல் வெளியான கட்டுரை காட்டியது.

அக்காலத்தில் பெட்ரோலில் காரீயம் கலப்பதை ஆதரித்தவர்களில் முதன்மையானவர் ராபர்ட் கீஹோ என்னும் மருத்துவ அறிஞர். அவர் பொய்யான அளவுகளைக் காட்டி வாதாடவில்லை. தொழிற்சாலைக்கு வெளியே வாழ்பவர்களைச் சோதித்தார். அவர்கள் உடலிலும் காரீயம் இருந்தது. ஆகவே மனித உடலில் ஓரளவு காரீயம் இருப்பது இயற்கையே என்று வாதிட்டார். இதில் என்ன பிழை? அவர் வெறும் குழாய் என்று எடுத்துக்கொண்டதும் அதே தண்ணீரில் கழுவிய குழாய்தான்! காற்றும் உணவும் கறைபட்ட உலகில், கறைபடாத மனிதரை எங்கே தேடுவது?

பேட்டர்சன் தேடினார். பெருநாட்டில் பழங்காலக் கல்லறைகளில் கிடந்த எலும்புகளை அவரும் நண்பர்களும் அளந்து 1979-இல் வெளியிட்டனர். இக்கால அமெரிக்கரின் எலும்பில் அதைப்போலப் பல நூறு மடங்கு காரீயம் இருந்தது. எல்லாரிடமும் இருப்பது வழக்கமாக இருக்கலாம், அது இயற்கையாகிவிடாது. இந்த வேறுபாட்டை உலகுக்கு உணர்த்தியதே அவருடைய பெரும்பணி என்பேன்.

1980-இல் டொரதி செட்டில் என்பவருடன் அவர் சூரை மீனை ஆராய்ந்தார். புதிய மீனின் தசையில் அரசு ஆய்வகம் முன்பு கண்ட காரீயம் உண்மை அளவைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகம் என்று தெரிந்தது. பழுதற்ற கருவியைக் கொண்டு, பயிற்சி பெற்றவர்கள் செய்த பிழை அது. புதிய மீனின் அளவு அப்படிக் கூடித் தெரிந்ததால், காரீயப் பற்று வைத்த டப்பாவில் அடைத்த மீனில் ஏறியிருந்த நச்சு பெரிதாகத் தோன்றவில்லை.

இதற்கெல்லாம் பேட்டர்சன் கொடுத்த விலையும் உண்டு. பெட்ரோலியத் துறையிலிருந்து அவருடைய ஆய்வுக்கு வந்த பணம் நின்றது. ஆயினும் அவர் தனி ஆளாக வென்றார் என்று சொல்வது முறையன்று. குழந்தைகளின் விழுந்த பால்பற்களில் காரீயத்தை அளந்து, அது மிகுந்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவதை 1979-இல் காட்டிய ஹெர்பர்ட் நீடில்மன் போன்ற மருத்துவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவில் 1970-களில் தொடங்கிய குறைப்பு, 1996-இல் சாலை வாகனங்களுக்கு முழுத் தடையாக முடிந்தது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் காரீயப் பெட்ரோல் நின்றது. கடைசியாக 2021-இல் அல்ஜீரியாவும் நிறுத்தியது. 1976-80 காலத்தில் அமெரிக்கச் சிறு குழந்தைகளின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்குச் சராசரியாக 15 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. இன்று அது 1 மைக்ரோகிராமுக்கும் குறைவு.

சந்தைக்கு வந்த கருவி

"அதெல்லாம் பழைய கதை, இப்போது நல்ல கருவிகள் வந்துவிட்டனவே" என்று நீங்கள் கேட்கலாம். வந்திருப்பது உண்மை. கரைசலை ஆர்கான் பிளாஸ்மாவின் கடும் வெப்பத்தில் அணுக்களாக்கி, மின்னூட்டம் ஏற்றி, நிறை பார்க்கும் கருவி 1980-களில் விற்பனைக்கு வந்தது. ஒரு லிட்டர் நீரில் சில நானோகிராம் காரீயம் இருந்தாலும் அது கண்டுபிடிக்கும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

கையில் பிடித்துச் சந்தைக்கே கொண்டுபோகக்கூடிய எக்ஸ்-கதிர்க் கருவிகளும் உள்ளன. எக்ஸ்-கதிர் ஓர் அணுவின் உள்வட்ட எலக்ட்ரானை வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளிவட்ட எலக்ட்ரான் உள்ளே விழும்போது, அந்தத் தனிமத்துக்கே உரிய எக்ஸ்-கதிர் வெளிப்படுகிறது. ஒவ்வொரு தனிமத்தின் கதிரும் ஓர் ஒழுங்குப்படி மாறுவதை 1913-இல் மோஸ்லி கண்டார். அவர் கண்ட உண்மைதான் இன்று கைக்கருவியாகி இருக்கிறது.

இதன் பயனுக்கு வங்கதேசம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே மஞ்சள் கிழங்குக்கு நிறம் ஏற்றக் காரீய குரோமேட்டைப் பூசி வந்தார்கள். அன்று தேர்வில் என் குழாயில் படிந்த மஞ்சள் வீழ்படிவும் இதே பொருள்தான்! 2019-இல் ஆய்வு முடிவு வெளியானதும், அரசு அலுவலர்கள் கைக்கருவியுடன் சந்தைக்குப் போய்ச் சோதித்துத் தண்டம் விதித்தார்கள். 2019-இல் 100-க்கு 47 மாதிரிகளில் காரீயம் தென்பட்டது. 2021-இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றிலும் தென்படவில்லை. கருவியால் ஆகக்கூடிய நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் 'தென்படவில்லை' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது 'இல்லை' என்பதற்குச் சமமன்று. 'இந்தக் கருவி காணக்கூடிய அளவுக்கு இல்லை' என்பதே அதன் பொருள். ஒவ்வொரு கருவிக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைக் கண்டுபிடிக்கவும் வெற்றுச் சோதனைதான் வேண்டும். மேலும், கருவி எவ்வளவுக்கெவ்வளவு கூர்மையாகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு நம் கையின் கறையும் அதற்குத் தெரியும். ஆகவே புதிய கருவி வருவதால் வெறும் குழாயின் தேவை குறைவதில்லை, கூடுகிறது.

நம் ஆய்வுக்கூடத்தில்

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருவோம். "எங்கள் பள்ளியில் கருவி இல்லை, நாங்கள் எப்படி அறிவியல் செய்வது?" என்று மாணவர்கள் பலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பள்ளிகளுக்கு நல்ல கருவிகள் வேண்டும். பேட்டர்சனாலும் கருவி இல்லாமல் பூமியின் வயதைக் காண முடிந்திருக்காது. ஆனால் வெற்றுச் சோதனைக்கு ஆகும் செலவு என்ன? ஒரு சோதனைக் குழாய், சில சொட்டு சில்வர் நைட்ரேட், ஐந்து நிமிடம். அதைக்கூட நாம் செய்வதில்லையே!

நான் கல்லூரிகளில் செய்முறைத் தேர்வு நடத்தப் போகிறேன். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் எல்லாருக்கும் 9.8 என்றே வருகிறது. 9.5 வந்த மாணவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. முப்பது பேர் கைகளில், முப்பது கடிகாரங்களில், ஒரே எண் வருமா? புத்தகத்து விடையை முதலில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ப அளவுகளைப் பின்னால் எழுதுகிறார்கள். இதற்கு மாணவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் தருகிறவர்கள் நாங்கள் அல்லவா? டில்டனின் விடை நன்றாக வந்தது. பேட்டர்சனின் விடை தவறாக வந்தது. பேட்டர்சனும் நம் மாணவரைப் போல எண்ணைத் திருத்தி ரெக்கார்டு நோட்டில் எழுதியிருந்தால், காற்றில் இருந்த காரீயம் இன்னும் எத்தனை காலம் மறைந்திருக்குமோ!

ஆகவே ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. செய்முறைத் தேர்வில் வெற்றுச் சோதனைக்கென்று ஒரு மதிப்பெண் ஒதுக்குங்கள். விடை மாறி வந்தால், அது ஏன் மாறியது என்று ஆராய்ந்து எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். ஆசிரியர் உடனிருக்கும்போது, நான்கு குழாய்களைக் காய்ச்சி வடித்த நீரில் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். முதலாவதில் காய்ச்சி வடித்த நீர், இரண்டாவதில் மழைநீர், மூன்றாவதில் பள்ளிக் குழாய் நீர் எடுங்கள். நான்காவதிலும் காய்ச்சி வடித்த நீரே. ஆனால் வியர்த்த விரலை அதில் ஒருமுறை நனைத்து எடுத்துவிடுங்கள். பிறகு நான்கிலும் நீர்த்த நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விட்டுப் பாருங்கள். சில்வர் நைட்ரேட் பட்ட இடம் கறுத்துப்போகும். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்காவது குழாய் என்ன சொல்கிறது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். அது உங்கள் விரலைப் பற்றிய செய்தி.

நாளை உங்களில் சிலர் பெரிய ஆய்வகங்களில் வேலை பார்ப்பீர்கள். ஒரு குழந்தையின் இரத்தத்தில் காரீயம் எவ்வளவு, ஓர் ஊரின் குடிநீரில் நச்சு உண்டா என்று நீங்கள் கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டிய நாள் வரும். உங்கள் முன் இருக்கும் கருவி விலை உயர்ந்ததாகவும், அதன் எண் பல தசம இடங்கள் வரை சுத்தமாகவும் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் என் தேர்வாளர் கேட்ட கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: குழாயை எந்தத் தண்ணீரில் கழுவினேன்?